பழைய எஃகில் பூட்டுக் கொக்கி செய்ய வருகிறவர்களுக்கு

சாவியில்லாமல் பூட்டைத் திறந்து பார்ப்பதைக் கலையாகப் பழகுகிறவர்கள் இன்று பல நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் 1997-லேயே இதற்குச் சங்கம் வைத்தார்கள். கருவிகள் செட்டாகவே விலைக்குக் கிடைக்கின்றன. இருந்தாலும் முதல் கொக்கியை நீங்களே அராவிச் செய்யுங்கள். எஃகைக் கையால் அறிந்தவருக்குத்தான் பூட்டுக்குள் நடப்பது விரல் நுனியில் தெரியும்.

1. எஃகைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய பூட்டைப் பிரித்துப் பாருங்கள். 1860-களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற 'பின்' (pin) பூட்டுதான் இன்றும் பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு பின், அவற்றை அழுத்த ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சாவி நுழைந்த உருளை சுழலும். கொக்கியின் வேலை, சாவி ஒரே நேரத்தில் செய்வதை ஒவ்வொரு பின்னாகச் செய்வது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை இதற்கு எடுக்காதீர்கள். அது லீவர் பூட்டு; அதன் உள்ளமைப்பு வேறு, கருவியும் வேறு.

2. உலோகம் காயலான் கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலுமே கிடைக்கும். தேய்ந்த ஆக்ஸா பிளேடு, பழைய ஃபீலர் கேஜ், கார் வைப்பர் ரப்பரின் இரு பக்கமும் ஓடும் மெல்லிய தகடு, இந்த மூன்றும் போதும். ஆக்ஸா பிளேடு சுமார் 0.6 மில்லிமீட்டர் கனம். பெரும்பாலான சாவித் துளைகளுக்கு அது பொருந்தும். தகடு நல்லதா என்று பார்க்க, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, துணியில் சுற்றி, லேசாக வளைத்து விடுங்கள். நேராகத் திரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்தபடியே நின்றால் பின்னைத் தூக்கும்போதும் வளையும். பிளேடிலும் இரு வகை உண்டு. முழுதும் கடினமான வகை கொஞ்சம் வளைத்தாலே பட்டென்று உடைந்து தெறிக்கும். வளையும் வகையைத் தேடி எடுங்கள்.

3. சூடுதான் உங்கள் எதிரி. புதிதாகச் செய்கிறவர்களின் கொக்கிகள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். சாணையில் பிடித்ததும் முனை விறுவிறுவென்று சூடாகும். முதலில் வைக்கோல் நிறம் ஏறும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். சாதாரணக் கார்பன் எஃகில் நீலம் தெரிகிறது என்றால் சூடு ஏறத்தாழ 300 டிகிரி. ஸ்பிரிங்குக்கு உரிய பதம் அதற்கு மேல் இறங்கத் தொடங்கும். நிறம் வந்த பிறகு தண்ணீரில் முக்கிப் பயனில்லை. அருகில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, ஓரிரு நொடி பிடித்ததும் முக்குங்கள். கையுறை இல்லாமல் பிடியுங்கள். தகடு விரலைச் சுடுகிறது என்றால் நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. கண்ணாடி மட்டும் கட்டாயம், அதில் தளர்வு வேண்டாம். சாணை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஃபீலர் கேஜ் தகட்டை வைஸில் இறுக்கி நல்ல அரத்தால் அராவலாம். நேரம் பிடிக்கும், பதம் போகாது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

4. முதலில் ஒரே ஒரு வடிவம் போதும்: சிறு கொக்கி. காகிதத்தில் வரைந்து தகட்டில் ஒட்டி, கோட்டுக்கு வெளியே அராவி வாருங்கள். தண்டின் அகலம் மூன்று மில்லிமீட்டருக்குள் வரட்டும். பிடியிலிருந்து தண்டு தொடங்கும் இடத்தில் கூரிய மூலை விடாதீர்கள். அழுத்தம் அங்கே திரண்டு ஒருநாள் பூட்டுக்குள்ளேயே முறியும். அந்த இடம் மெதுவாக வளைந்து இறங்க வேண்டும்.

5. உப்புத்தாளில் சோம்பல் கூடாது. 220-இல் தொடங்கி 400, 600, 1000 என்று போங்கள். தேய்ப்பது எப்போதும் நீளவாக்கில். குறுக்குக் கீறல்தான் பிறகு விரிசலாகும். முனையை நகத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். பிசிறு இருந்தால் நகத்தைச் சுரண்டும், பூட்டுக்குள் பின்னையும் அப்படியே சுரண்டும். வழவழப்பான முனை பின்களின் அடியில் தடையில்லாமல் போகும்போதுதான், எந்தப் பின் இறுகி நிற்கிறது, எது தளர்ந்து ஆடுகிறது என்பது கைக்குத் தெரியும்.

6. பிடிக்கு எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும், சூட்டில் சுருங்கும் டியூப் இரண்டு அடுக்கு போதும். முனைக்குச் சூடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கொக்கிக்குத் துணையாக நெம்பு கம்பி வேண்டும். வைப்பர் தகட்டைச் சூடு காட்டாமல், இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக 'ட' போல வளைத்தால் ஆயிற்று. உருளையைத் திருப்பும் அழுத்தம் இதன் வழியாகத்தான் போகிறது. புதியவர்கள் பூட்டை உடைப்பவர்கள்போல இதை அழுத்துகிறார்கள். ஒரு விரலின் பாரம் போதும்.

8. பொறுமைக்கு ஒருவரைச் சொல்கிறேன். 1851-இல் லண்டன் உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பிராமா என்ற பூட்டு நிறுவனம் பல்லாண்டுகளாகக் கடை ஜன்னலில் சவாலாக வைத்திருந்த பூட்டை எடுத்துக்கொண்டார். அதற்கென்றே கருவிகள் செய்து, 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். அதன் பிறகு இங்கிலாந்தின் பூட்டுக்காரர்கள் தங்கள் பூட்டுகளை மேலும் திருத்த முனைந்தார்கள். குறையைக் காட்டியவரால் தொழில் வளர்ந்தது.

9. உங்கள் சொந்தப் பூட்டை, அல்லது உரியவர் சம்மதித்துக் கொடுத்த பூட்டை மட்டும் தொடுங்கள். சொந்தப் பூட்டே ஆனாலும் அன்றாடம் புழங்கும் வாசல் பூட்டில் பழகாதீர்கள். பின் தேய்ந்தால் உங்கள் வீட்டுக்குள் நீங்களே போக முடியாமல் நிற்பீர்கள். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் திரிய வேண்டாம். சந்தைக்குப் போய் இரண்டு மலிவுப் பூட்டு வாங்கி வாருங்கள், மேஜையில் வைஸைப் பூட்டி இன்றே தொடங்குங்கள்.