பெயரறிந்து தேடுவோம்: இணையத்தில் மரபணுத் தகவல்

நான் ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் உள்ள ரெங்கத்தைச் சேர்ந்தவன். உயிர்மருத்துவ அறிவியல் மாணவன். எங்கள் ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் சிலர் ஒரு 'ஜி' போட்டு எழுதுவார்கள். சிலர் இரண்டு 'ஜி' போட்டு எழுதுவார்கள். பழைய நாளிதழ்த் தொகுப்புகளில் ஒன்றை மட்டும் தட்டித் தேடினால், மற்றதில் உள்ள செய்திகள் கண்ணில் படாமலேயே போய்விடும். ஓர் ஊர்ப் பெயருக்கே இந்த நிலை என்றால், மனித உடலின் ஏறக்குறைய 20,000 மரபணுக்களுள் ஒன்றைத் தேடும்போது எவ்வளவு கவனம் வேண்டும்! அதைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

ஒரே சொல்லால் வந்த பயம்

நம் நாட்டில் 2016இல் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை தொடங்கியது. 2019இல் நானும் இரத்தம் கொடுத்தேன். முடிவில் 'பெம்பாவா' என்று மலாயில் எழுதியிருந்தது. அம்மா, "ரத்தம் கம்மியா இருக்கும், முருங்கைக் கீரை சாப்பிடு" என்றார். அன்றிரவு கைப்பேசியில் 'தலசீமியா' என்ற ஒரே சொல்லைத் தட்டினேன். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளின் படங்கள் வந்தன. எனக்கும் இதே கதிதான் என்று நினைத்து விடியும் வரை தூங்கவில்லை.

'பெம்பாவா' என்றால் நோயாளி அல்ல, தாங்கி. மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருக்கும். ஆள் ஆரோக்கியமாகவே வாழலாம். ஆனால், கணவன் மனைவி இருவரும் பீட்டா தலசீமியா தாங்கிகளாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நான் தட்டிய சொல் தவறில்லை. என் கேள்விதான் முழுமையாக இல்லை.

எங்கே தேடுவது?

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே இதற்கெனத் தனித் தரவுத்தளங்கள் இருப்பதை அறிந்தேன். இவற்றை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

முதலாவது, ஓமிம். அமெரிக்க மருத்துவர் விக்டர் மெக்கியூசிக் 1966இல் நூலாக வெளியிட்ட மரபுநோய்ப் பட்டியல், 1987இல் இணையவழிச் சேவையாக மாறியது. இதில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஓர் எண் உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உருவாக்கும் 'எச்பிபி' மரபணுவின் எண் 141900. அது 11ஆவது குரோமோசோமில் உள்ளது.

இரண்டாவது, 1982இல் தொடங்கிய ஜென்பேங்க். மரபணுக்களின் எழுத்து வரிசைகளே இங்குள்ளன. கையில் எழுத்து வரிசை மட்டும் இருந்து பெயர் தெரியாவிட்டால், 1990இல் வந்த 'பிளாஸ்ட்' என்னும் கருவி ஒத்த வரிசைகளைத் தேடிக் கொடுக்கும்.

மூன்றாவது, 2013இல் தொடங்கிய கிளின்வார். ஒரு மாற்றம் நோய் தருவதா, தீங்கற்றதா, இன்னும் தெளிவாகாததா என்று ஆய்வுக்கூடங்கள் அளித்த கருத்துகள் இதில் உள்ளன. ஹீமோகுளோபினுக்கு மட்டும் 'எச்பிவார்' என்ற தனித் தளமும் உண்டு.

எந்தப் பெயரில் தேடுவது?

சென்ற ஆண்டு என் அக்காவுக்குத் திருமணம் நிச்சயமானது. அக்கா படிவம் நான்கு படித்தது 2013இல். அப்போது இந்தப் பரிசோதனை இல்லை. நான் வற்புறுத்தியதால் பரிசோதித்துக்கொண்டார். அவரும் தாங்கியே. மரபணு அறிக்கையில் 'ஐவிஎஸ் 1-5, ஜி>சி' என்று இருந்தது. நான் அவசரத்தில் 1-6 என்று தேடினேன். 'இலேசான வகை' என்ற பதில் வந்தது. மகிழ்ச்சியோடு அக்காவிடம் சொல்லியும் விட்டேன். மறுநாள் அறிக்கையை மீண்டும் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. 1-5 கடுமையான வகை. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றமும் அதுவே. ஓர் எண் மாறியதில் பொருளே மாறிவிட்டது!

இந்த மாற்றம் ஒன்றுதான், பெயர்கள் பல. ஐவிஎஸ் என்பது மரபணுவின் இடைப்பகுதியைக் குறிக்கும். முதல் இடைப்பகுதியின் ஐந்தாம் எழுத்தான 'ஜி', 'சி'யாக மாறியுள்ளது என்பதே பழைய பெயரின் பொருள். புதிய முறையில் இது 'சி.92+5ஜி>சி'. அந்த இடத்திற்குரிய எண் 'ஆர்எஸ் 33915217'. நம் வட்டாரத்தில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் ஈ வகையைப் பழைய கட்டுரைகள் 26ஆம் இடத்து மாற்றம் என்கின்றன. புதிய முறை தொடக்க அமினோ அமிலத்தையும் சேர்த்து எண்ணுவதால் 27 என்கிறது. எனவே, எல்லாப் பெயர்களையும் குறித்துக்கொண்டு தேட வேண்டும்.

எப்படி வாசிப்பது?

கிளின்வாரில் ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு நட்சத்திரம் வரை உண்டு. நட்சத்திரம் கூடினால் சரிபார்ப்பும் கூடியது என்று பொருள். அடுத்து, அந்தத் தகவல் எந்த மக்களிடமிருந்து பெறப்பட்டது என்றும் பாருங்கள். ஐரோப்பிய வழியினரின் மரபணுக்களே அதிகம் ஆராயப்பட்டுள்ளதால், நம்மிடம் உள்ள சில மாற்றங்களுக்குத் 'தெளிவில்லை' என்ற பதிலே வரும். நிலைமை மெல்ல மாறுகிறது. 2015இல் நிறைவடைந்த '1000 மரபுத்தொகுதித் திட்டம்' ஆராய்ந்த 26 மக்கள் குழுக்களுள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் ஒரு குழுவினர். 2019இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 4,810 பேரின் மரபுத்தொகுதிகளை வெளியிட்டனர். அவர்களில் சீனர், மலாய்க்காரரோடு இந்தியரும் அடங்குவர்.

தேடல் சொல்லாதது

எவ்வளவு தேடினாலும் வருங்கால அத்தானின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எந்தத் தளமும் சொல்லாது. "பொண்ணு வீட்டுக்காரங்க நாமளே போயி டெஸ்ட் எடுங்கன்னு சொன்னா என்ன நெனைப்பாங்க?" என்று அம்மா தயங்கினார். கடைசியில் அக்காவே நேரில் பேசினார். அவர் தாங்கியாக இருந்தாலும், ஹீமோகுளோபின் ஈ இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சிக்கல் வரலாம் என்பதை நான் விளக்கினேன். அவர் மறுக்காமல் பரிசோதித்துக்கொண்டார். இரண்டுமே இல்லை. திருமணம் தை மாதத்தில் இனிதே நடந்தது.

நண்பர்களே, 2016க்கு முன்பு படிவம் நான்கை முடித்த அண்ணன், அக்காள்மார் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களிலும் இருப்பீர்கள். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அறிக்கையில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு தேடுங்கள். தேடிக் கண்டதை மருத்துவரிடம் கேள்வியாக எடுத்துச் செல்லுங்கள். என்னைப் போல் முடிவாக வீட்டிற்கு எடுத்துச் செல்லாதீர்கள்.