நாற்காலியில் இருந்த ஊழியக்காரர்

வேத வாசிப்பு: 2 கொரிந்தியர் 12:7-10



வியாதிக்காக ஜெபிக்கிறோம், சுகம் கிடைக்கிறது, சாட்சி சொல்லுகிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா எத்தனையோ பேர் ஜெபித்தும் படுக்கையிலேயே இருக்கிற விசுவாசியைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் பத்தாது, ஏதோ மறைவான பாவம் இருக்கு" என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் இந்தத் தேவமனுஷனுடைய ஜீவியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாமுவேல் ஷெரெஷெவ்ஸ்கி 1831-ல், ரஷ்ய ஆட்சியிலிருந்த லித்துவேனியாவில், யூத குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாய் தகப்பன் இல்லை. ரபீ ஆவதற்குப் படித்த நாட்களில் எபிரெய பாஷையில் ஒரு புதிய ஏற்பாடு கைக்கு வந்தது. வாசிக்க வாசிக்க, இயேசுவே மேசியா என்பது உள்ளத்தில் விழுந்துவிட்டது. 1854-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த வருஷம் விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். (நம்ம ஆட்களுக்கு இது சந்தோஷமாயிருக்கும்!) பிறகு எபிஸ்கோப்பல் சபையில், அதாவது இங்கிலாந்து திருச்சபை வழியில் வந்த அமெரிக்க சபையில் சேர்ந்து, 1859-ல் டீக்கன் பட்டம் பெற்று, அதே வருஷம் சீனாவுக்கு மிஷனெரியாகப் புறப்பட்டார். பழைய ஏற்பாட்டை எபிரெயத்திலிருந்தே நேராக மாண்டரின் பாஷைக்குக் கொண்டுவந்தார். 1877-ல் பேராயரானார். 1879-ல் ஷாங்காயில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியைத் தொடங்கினார்.

1881-ல், ஐம்பது வயசில், கடும் வெயில் தாக்கி பக்கவாதம் வந்தது. கைகால் விளங்கவில்லை. பேச்சும் குழறியது. 1883-ல் பேராயர் பதவியை ராஜினாமா செய்தார்.

அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமலா போயிருக்கும்? தெய்வீக சுகத்தை நான் பிரசங்கிக்கிறவன், அதில் மாற்றமில்லை. ஆனால் பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் முள் எடுபடவில்லையே. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்த வாய் சொல்லும்?

அமெரிக்காவுக்குத் திரும்பிய ஷெரெஷெவ்ஸ்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே விரலால் டைப்ரைட்டர் தட்ட ஆரம்பித்தார். எளிய இலக்கியச் சீன நடையில் வேதாகமம் முழுவதையும்! அந்த மெஷினில் சீன எழுத்து கிடையாது. ஆகவே சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடித்தார். நாள்தோறும் மணிக்கணக்காக, ஏறக்குறைய 2,000 பக்கம். மனைவி சூசன் அம்மையார் கூடவே இருந்து தாங்கினார்கள். நாம நாலு பக்க நோட்ஸ் எழுதவே கை வலிக்கிறது என்கிறோம்.

1895-ல் மறுபடி ஷாங்காய்க்குப் போய், சீன எழுத்தர்களை வைத்து அத்தனையையும் சீன எழுத்தில் எழுதுவித்தார். 1902-ல் அந்த வேதாகமம் அச்சாகி வந்தது. அப்போதும் அவர் நாற்காலியில்தான் இருந்தார். 1906-ல் டோக்கியோவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.