பில் மகன் பெயரில். புகார் தாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்தபோது, கோவில்பட்டிக் கடை ஒன்றில் 18,500 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கித் தந்தான். போட்டிம் ஆப்பில் கூப்பிட்டால் பேரப்பிள்ளைகள் முகம் தெரிகிறது, பேச்சும் கேட்கிறது. நான் பேசுவதுதான் அங்கே கேட்கவில்லை. சர்வீஸ் சென்டரில் இரண்டு தடவை கொடுத்தும் சரியாகவில்லை. கடைக்காரர், "பில்லு உங்க மகன் பேருல இருக்கு, அவரு வரட்டும். இல்லன்னா கம்பெனியப் பாருங்க" என்கிறார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?
- வாசகி, திருவேங்கடம்

பதில்: அம்மா, மகன் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, காசு கொடுத்து வாங்கியவரை மட்டும் நுகர்வோர் என்று சொல்லவில்லை. அவருடைய சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மகன் உங்களுக்கென்றே வாங்கித் தந்த டேப்லெட் இது. புகார்தாரராக நீங்களே கையெழுத்துப் போடலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கித் தரும் பொருளை வைத்திருக்கும் எத்தனையோ பெற்றோரைக் கடைகள் இந்த ஒரு பதிலைச் சொல்லியே திருப்பி அனுப்புகின்றன. அதை ஏற்காதீர்கள்.

பில்லில் அச்சடித்த அந்த வாசகமும் குறையுள்ள பொருளை விற்ற கடையைக் காப்பாற்றாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, அதே சட்டத்தின் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. அந்த நாள் தாண்டியிருந்தாலும், வாரண்டிக் காலத்தில் வந்த குறைக்குப் பரிகாரம் கேட்கும் உரிமை போய்விடாது. கடையையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப இடம் கொடுக்கக் கூடாது.

உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஷார்ஜா இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குத் தடை இருக்கிறது; நீங்கள் பேசுவது போட்டிம் ஆப்பில் என்றாலும் இதைக் காட்டுவார்கள். "அந்த நாட்டுக் கட்டுப்பாடு, உங்கள் ஊர் சிக்னல், எங்கள் டேப்லெட்டில் குறையில்லை" என்று வாதாடுவார்கள். இதை இப்போதே அடைத்துவிடுங்கள். அதே வீட்டில், அதே இணைப்பில், உங்கள் போனிலிருந்தும் டேப்லெட்டிலிருந்தும் உள்ளூர் உறவினர் ஒருவரை அழைத்துப் பேசுங்கள். டேப்லெட்டிலேயே குரலைப் பதிந்தும் பாருங்கள். இவை நடப்பதை இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். இரண்டு முறையும் சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட்டுகள் மிக முக்கியம். தராமல் விட்டிருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தெருமுனை ரிப்பேர் கடையில் கொடுத்துப் பிரிக்க வேண்டாம், வாரண்டி போய்விடும். மறுபடி சர்வீஸுக்குக் கொடுக்குமுன் வங்கி, ஜிபே ஆப்களை நீக்கிவிட்டு, குடும்பப் படங்களை வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்; பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை தூத்துக்குடி மாவட்டத்தில் இருப்பதால் அங்கே போய் அலைய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வசதி இப்போது உண்டு: நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். நேரில் போக முடியாத காரணத்தைச் சொல்லி மனுக் கொடுத்தால், வீடியோ கான்பரன்ஸ் வழியாக விசாரிக்க ஆணையம் அனுமதிக்கலாம். ஷார்ஜாவிலிருந்து உங்கள் மகனும் அப்படிச் சாட்சி சொல்ல வழியுண்டு.

வேறு டேப்லெட், இல்லையென்றால் முழுப் பணம், அதோடு அலைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் என்று மனுவில் தெளிவாகக் கேளுங்கள். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.