விடியற்காலைக் கப்பல் பார்க்கப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக் கிளம்பு

அலாரம் வைத்து எழுந்துவிட்டாலே கப்பலைப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதே தங்கச்சி. நியூயார்க் துறைமுகத்துக்கு குயின் மேரி 2 வருகிற நாளில் அரைத்தூக்கத்தில் அடித்துப்பிடித்து ஓடி, கரையில் கட்டிப்போட்ட கப்பலைப் பார்த்துவிட்டு முகம் தொங்கத் திரும்புகிறவர்கள் நிறைய. கட்டிய பிறகு அது வெறும் பெரிய சுவர். பார்க்க வேண்டியது அது நகர்ந்து வருவதை.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்காதே. ஒரு காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கிற பயணிகள் கப்பல்கள் இந்தத் துறைமுகத்தில் வரிசைகட்டி நின்றன. ஜெட் விமானம் வந்ததும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. சுற்றுலாக் கப்பல்கள் இன்றும் ஏராளம். ஆனால் கடலைக் கடப்பதற்கென்றே கட்டி, இன்னும் அந்த வேலையைச் செய்கிற கப்பல் உலகத்தில் இது ஒன்றுதான். 345 மீட்டர் நீளம். 2004-இல் ஓடத் தொடங்கியது. அதைத் தூங்கித் தவறவிடலாமா?

1. அட்டவணை நேரத்தை நம்பி ஏமாறாதே. காலை 7 மணி வருகை என்று போட்டிருந்தால், அது கரை சேரும் நேரம். துறைமுக நுழைவாயிலில் உள்ள வெரசானோ பாலத்தை அது கடப்பதைத்தான் நீ பார்க்க வேண்டும், அது பெரும்பாலும் 5 மணிக்கு முன்பின்னாக. ஏழு மணிக்குப் போய் நிற்கிறவர்களுக்குச் சுவர்தான் கிடைக்கும்.

2. போனில் கப்பலைப் பின்தொடர். மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் மாதிரி ஏதாவது ஒரு ஆப் போதும். முதல் நாள் இரவே இறக்கி, கப்பல் பெயரைத் தேடிச் சேமித்து வை. நடுக்கடலில் இருக்கும்போது இலவச ஆப்பில் கப்பல் காணாமல் போகும். பதறாதே, கரையை நெருங்கினால் தானே தெரியும். விடியற்காலையில் அது துறைமுகத்துக்கு வெளியே கடலில் உள்ள ஆம்ப்ரோஸ் பக்கம் வந்து வேகம் குறைகிறதா என்று பார். அங்கேதான் கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் படகில் வந்து ஏறுவார். அதற்குப் பிறகு பாலத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல் தேய்த்து, காபி போட்டு, கிளம்ப அது போதும். தூரத்திலிருந்து வருகிறவள் மட்டும் அதுவரை படுத்திருக்காதே.

3. மாதத்தைப் பார்த்துத் தேதி குறி. இதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். ஜூனில் சூரியன் ஐந்தரை மணிக்கெல்லாம் வந்துவிடும். கப்பல் பாலத்தடியில் வரும்போது வானம் வெளுத்திருக்கும். அக்டோபரில் ஏழு மணி ஆகும். நீ இருட்டில் விளக்குகளைத்தான் பார்ப்பாய். அதுவும் அழகுதான், ஆனால் முதல் முறைக்கு மே, ஜூன், ஜூலை போதும். டிசம்பர்க் குளிரில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாதே.

4. எங்கே நிற்பது? கொஞ்சம் பொறுமையாகக் கேள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

- இந்தக் கப்பல் புரூக்ளினில் ரெட் ஹூக் பகுதியில் இருக்கிற முனையத்துக்கு வரும். மன்ஹாட்டன் மேற்குக்கரைத் துறைக்கு ஓடிவிடாதே. பழைய கப்பல்கள் அங்கே நின்ற கதையைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

- முனையத்தின் வாசலுக்கும் போகாதே. பயணச்சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டாக்சியும் பெட்டிகளும்தான் கண்ணில் படும்.

- என்னைக் கேட்டால் பே ரிட்ஜில் 69-ஆம் தெரு முனையில் உள்ள கடற்பாலம்தான் முதலிடம். தெற்கே வெரசானோ பாலம் முழுசாகத் தெரியும். ஆர் ரயிலில் பே ரிட்ஜ் அவென்யூ நிறுத்தத்தில் இறங்கி, கடல் பக்கம் கால்மணி நேர நடை. நள்ளிரவுக்கு மேல் அந்த ரயில் வெகுநேரத்துக்கு ஒன்றுதான் வரும், ஒரு ரயில் முன்னதாகவே ஏறு.

- கிட்டத்தில் பார்க்க ஆசையா? ரெட் ஹூக்கின் வாலன்டீனோ பூங்காவுக்குப் போ. ரயில் அங்கே கிடையாது. ஸ்மித் தெரு நிறுத்தத்தில் இறங்கி பி61 பஸ் பிடிக்க வேண்டும்.

- நியூஜெர்சியிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஸ்டேட்டன் தீவுக் கரை சுலபம். வெரசானோ பாலத்துக்கு டோல் கட்ட வேண்டியதில்லை. ஆலிஸ் ஆஸ்டன் என்ற புகைப்படக்காரர் வாழ்ந்த வீடு பாலம் கடக்கிற நீரிணையை ஒட்டியே இருக்கிறது. தன் வீட்டு வாசலைக் கடந்துபோன கப்பல்களை அவர் நூறு வருஷத்துக்கு முன்பே படம் எடுத்து வைத்திருக்கிறார். இடம் எப்படி என்று அதிலேயே புரிந்துகொள்.

- பூங்காக்களுக்குத் திறக்கிற நேரம் உண்டு. போகுமுன் பார்த்துக்கொள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு முட்டிவலி என்றால் ஸ்டேட்டன் தீவு ஃபெரியில் உட்கார வைத்துவிடு. காசு கிடையாது, இரவு பகலாக ஓடும், முனையத்தில் கழிப்பறையும் உண்டு. மன்ஹாட்டனிலிருந்து கிளம்பும்போது இடப்பக்கம் உட்கார். மறுகரையில் எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் திரும்ப ஏற்றுவார்கள். அப்படியே உட்கார்ந்து வரலாம் என்று எண்ணாதே.

5. எதைப் பார்ப்பது? முதலில் கப்பல் தெரியாது. இருட்டில் இரண்டு வெள்ளை விளக்குதான் தெரியும். முன்னால் இருப்பது தாழ்வு, பின்னால் இருப்பது உயரம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நின்றால் கப்பல் உன்னை நோக்கி வருகிறது. விலகினால் திரும்புகிறது. பிறகு சின்னதாக நிற விளக்கு ஒன்று தெரியும். கப்பலின் வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. அது வடக்கே வருவதால் புரூக்ளினில் நிற்கிற உனக்குப் பச்சை, எதிர்க்கரைக்காரர்களுக்குச் சிவப்பு. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப்போ, தூக்கம் கலைந்து விளக்கைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பாலத்தடியில் வரும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் பார். புகைபோக்கி இடித்துவிடும் போலவே இருக்கும். இடிக்காது, இந்தப் பாலத்தடியில் நுழைய வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் அதைக் குட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். கோடை வெயிலில் பாலத்தின் கம்பிவடங்கள் நீண்டு, நடுப்பகுதி குளிர்காலத்தைவிட 12 அடி தாழ்ந்து தொங்கும். அதனால் நீ போகிற ஜூன் மாதத்தில் இடைவெளி இன்னும் குறைச்சல்.

6. படம் எடுக்க வேண்டுமானால் புரூக்ளின் கரைதான். சூரியன் உன் முதுகுப்பக்கம் இருக்கும். கப்பல்மேல் வெளிச்சம் விழும். எதிர்க்கரையில் நின்றால் கறுப்பு உருவம்தான் வரும். ஃப்ளாஷை அணைத்துவிடு, அது கடலுக்கு எட்டாது. ஜூமை இழுக்காதே, புள்ளி புள்ளியாகப் போகும். கைப்பிடிச் சுவரில் போனை ஊன்றிக்கொள். கறுப்பு உடல் இருட்டோடு கலந்துவிடும்; சிவப்புப் புகைபோக்கிதான் முதலில் எடுபடும், அதைப் பார்த்து ஃபோகஸ் செய்.

7. சங்குக்காகக் காத்திருக்காதே. அதன் ஊதுசங்குகளில் ஒன்று 1936-இல் ஓடத் தொடங்கிய பழைய குயின் மேரியுடையது. பத்து மைல் கேட்கும் என்பார்கள். ஆனால் ஊர் தூங்கும் நேரத்தில் சும்மா ஊதமாட்டார்கள். துறையை விட்டுக் கிளம்பும்போது ஒரு நீண்ட சங்கு ஊத வேண்டும் என்பது விதி. அதனால் கேட்க ஆசைப்பட்டால் அன்று மாலையே திரும்பப் போ. மூடுபனி என்றால் கதை வேறு: இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஊதியே ஆக வேண்டும். கப்பல் தெரியாவிட்டாலும் காது நிறையும்.

8. கையில் என்ன? கடற்கரைக் காற்று ஜூனிலும் குத்தும். ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். பிள்ளைகளைப் போகிற உடையிலேயே இரவு தூங்க வை. காலையில் அவர்களோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது. சாம்பார், சட்னி என்று கிண்ணம் கட்டாதே. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி போதும், ஒரு கையால் சாப்பிடலாம். ஃப்ளாஸ்கில் காபி. கரையில் கழிப்பறை திறந்திருக்கும் என்று நம்பாமல் வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்பு.

கடைசியாக ஒன்று. வேலைக்குப் போகிறவள் நீ, லீவு போட வேண்டாம். எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். ஜனவரியிலிருந்து வசந்தம் வரை இந்தக் கப்பல் உலகம் சுற்றப் போய்விடும். கப்பலை நடத்துகிற குனார்ட் கம்பெனியின் அட்டவணையை இன்றைக்கே எடுத்து, அடுத்த ஜூனில் நியூயார்க் வருகிற ஒரு தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வை.