மேல் அம்பு காட்டினால் உடனே கியர் போடலாமா?

இப்போது வரும் மேனுவல் கியர் கார்கள் பலவற்றில், ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்துச் சின்னத் திரையில் ஓர் எண்ணும் அதை ஒட்டி ஓர் அம்பும் தெரியும். எண் 3 என்றிருந்து அம்பு மேலே பார்த்தால் நான்காவது கியருக்குப் போகச் சொல்கிறது. கீழே பார்த்தால் இரண்டாவதுக்கு இறங்கச் சொல்கிறது. டிரைவிங் ஸ்கூலில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஷோரூமில் சாவியைக் கொடுக்கும்போது, "அது மைலேஜுக்குங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி உண்மைதான். ஆனால் அதற்குமேல் ஒன்றும் தெரியாமல் அம்பு சொன்னபடியெல்லாம் கியர் போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதை ஒரு அலங்கார விளக்கு என்று நினைத்து ஏறெடுத்தும் பார்க்காதவர்களும் உண்டு.

என் கார் 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர். பொள்ளாச்சியில் இருப்பதால் எனக்கு இரண்டு விதமான சாலைகளும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. வடக்கே போனால் கோவைக்கு நான்குவழிச் சாலை. தெற்கே போனால் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளோடு வால்பாறை மலைச்சாலை. முதல் சாலையில் அம்பு பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. இரண்டாவதில் அதை நம்பக் கூடாது.

காரணம் அந்த அம்பு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, சக்கரம் எவ்வளவு வேகத்தில் உருள்கிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்ற மூன்றும் காரின் இன்ஜின் கணினியான இ.சி.யு.வுக்கு ஏற்கெனவே தெரியும். முதல் இரண்டையும் வகுத்துப் பார்த்தால் எந்தக் கியரில் ஓடுகிறோம் என்பது கிடைத்துவிடும். கிளட்சை மிதித்ததும் அந்த எண் மறைந்து, காலை எடுத்த பிறகு ஒரு கணம் கழித்து வருவது இதனால்தான். இந்தக் கியரில் எரியும் பெட்ரோலைவிட அடுத்த கியரில் குறைவாக எரியும் என்று கணக்கு சொன்னால் மேல் அம்பு வருகிறது.

இதில் ரோடு எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னால் ஸ்பீட் பிரேக்கர் இருப்பதோ, எதிரே லாரி வருவதோ, பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறைய மூட்டையும் இருப்பதோ அதற்குத் தெரியாது. என் காரைப் போன்ற சாதாரண மாடல்களில் ஏற்றம் இறக்கம்கூடத் தெரியாது.

இந்த அம்பு எதற்காக வந்தது என்பதிலும் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் போட்ட ஒரு சட்டத்தின்படி, அங்கே 2012 நவம்பரிலிருந்து புதிய மாடல் மேனுவல் கார்களுக்கும் 2014 நவம்பரிலிருந்து விற்பனையாகும் எல்லாப் புதிய மேனுவல் கார்களுக்கும் இது கட்டாயம். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்க ஓட்டுநரைத் தூண்டுவதே நோக்கம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1980-களின் தொடக்கத்தில், ஃபோக்ஸ்வாகன் தன் 'ஃபார்மெல் ஈ' கார்களில் மேல் கியருக்கு மாறச் சொல்லும் ஒரு விளக்கை வைத்திருந்தது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடி அப்போது ஐரோப்பாவைப் படுத்தியிருந்த பாடு அப்படி.

மேல் கியரில் பெட்ரோல் ஏன் மிச்சமாகிறது? மெதுவாக ஓட்டும்போது திராட்டில் வால்வு முக்கால்வாசி மூடியே இருக்கும். அந்தச் சந்து வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே பெட்ரோல் இன்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கைத் தொலைக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு வேறு. அதே வேகத்தை மேல் கியரில் எடுத்தால் சுற்று குறையும், திராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும், இரண்டு நஷ்டமும் குறையும். சமதளத்தில் இந்தக் கணக்கு பிசகுவதில்லை.

இனி வேகக் கணக்கு. ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்து ஓட்டினால் என் காரில் 30 கிலோமீட்டர் வாக்கில் மூன்றாவது, 40-ஐத் தாண்டியதும் நான்காவது, 50-ஐத் தாண்டியதும் ஐந்தாவது கியர் கேட்கிறது. காலை அழுத்தி வேகம் எடுக்கும்போது அதே அம்பு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பொறுத்துத்தான் வருகிறது. 'இவர் அவசரத்தில் இருக்கிறார்' என்பதை மிதியிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. உங்கள் கார் எந்த வேகத்தில் கேட்கிறது என்று ஒரு காலி ரோட்டில், தனியாக, ஏசியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏசியைப் போட்டு, வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் பாருங்கள். என் காரில் அம்பு ஏறக்குறைய அதே வேகங்களில்தான் வருகிறது. ஆனால் மாற்றிய பிறகு வண்டி இழுப்பதில் உள்ள வித்தியாசம் காலுக்கு உடனே தெரியும். ஆள் ஏறியிருந்தால் அம்பு வந்த பிறகும் ஐந்து, ஆறு கிலோமீட்டர் தாமதித்துத்தான் மாற்றுகிறேன்.

நான்குவழிச் சாலையில் அது சொல்வதைத் தாராளமாகக் கேட்கலாம். எழுபது, எண்பதில் நான்காவது கியரிலேயே பேசிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். இன்ஜின் சத்தம் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிவிடும். அம்பு வந்து நினைவுபடுத்தும். இப்படிக் கேட்டு ஓட்டத் தொடங்கிய பிறகு, டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பி அளந்ததில், எனக்கு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டாலே ஓரளவு கிடைக்கக்கூடியதுதான்.

விளம்பரத்தில் வரும் மைலேஜ் அம்பைக் கேட்டு ஓட்டினால் வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் நாட்டில் அந்த அளவை ஆய்வகத்தில், சுழலும் உருளைகள்மேல் காரை நிறுத்தி எடுக்கிறார்கள். அந்தச் சோதனையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர். மொத்த ஓட்டம் சுமார் 11 கிலோமீட்டர். அந்த உருளைகளில் கோவை உக்கடம் சிக்னல் கிடையாது.

ஊருக்குள் அம்பை நான் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. 32-இல் மூன்றாவதைக் கேட்கும். ஐம்பது மீட்டரில் ஸ்பீட் பிரேக்கர் நிற்கும். போட்டு எடுப்பதற்குள் கிளட்சுக்குத்தான் வேலை. இதில் ஒரு விஷயம் கவனித்தேன்: இந்த அம்புக்கு மேலே போவதில் இருக்கும் அவசரம் கீழே இறங்குவதில் இல்லை. வண்டி திணறி, சுற்று ஆயிரத்தைத் தொடும்போதுதான் கீழ் அம்பு மெல்ல எட்டிப் பார்க்கிறது. அதற்காகக் காத்திருந்தால் தாமதம்தான்.

ஓவர்டேக்கிலும் அப்படித்தான். அறுபதில் ஐந்தாவது கியரில் ஒரு லாரிக்குப் பின்னால் போகிறோம். திரையில் 5 நிம்மதியாக நிற்கிறது. சுற்று 1,600, 1,700 இருக்கும். இந்த மாதிரி 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றின் முழு டார்க் 4,000 சுற்று வாக்கில்தான் கிடைக்கும். ஐந்திலேயே மிதித்தால் சத்தம் வரும், வண்டி நகராது. வலப்பக்கம் எடுப்பதற்கு முன்பே மூன்றாவதுக்கு இறங்கிவிடுங்கள். தாண்டும்போது அம்பு மேலே மேலே என்று துடிக்கும். துடிக்கட்டும்.

டர்போ வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பல சின்ன டர்போ டீசல்களில் 1,800 சுற்றுக்குக் கீழே டர்போ வேலை செய்வதே தெரியாது. என் மைத்துனரின் டீசல் காரில் அம்பு கேட்டதும் மாற்றினால், சுற்று சரியாக அந்தப் பள்ளத்தில் போய் விழுகிறது. அவர் 2,000-ஐத் தாண்டிவிட்டுத்தான் மாற்றுகிறார், அதுதான் சரி. குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துவது இன்ஜினுக்குக் கெடுதல். பெட்ரோல் இன்ஜின் நாக் அடிக்கத் தொடங்கும். இப்போதைய கார்களில் அதற்கென்று சென்சார் இருப்பதால் இ.சி.யு. தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காப்பாற்றிவிடும். ஆனால் அந்த நேரத்தில் எரியும் பெட்ரோலுக்கு உரிய இழுவை கிடைப்பதில்லை. மைலேஜுக்காக டாப் கியரில் மேட்டை ஏறுகிறவர் மைலேஜையும் இழக்கிறார்.

இனி மலை. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் நான் அந்தத் திரையை வேறு பக்கத்துக்கு மாற்றிவிடுவேன். கடிகாரமோ வெளி வெப்பநிலையோ தெரியட்டும். ஏறும்போது அம்பு செய்வது சின்னத் தொந்தரவுதான். வளைவுக்கு வளைவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே மாறிக்கொண்டே இருப்போம், அதற்குப் புரியாது. ஆபத்து இறங்கும்போது.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தாயிற்று. வண்டி இரண்டாவது கியரில், இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலத்தில், 30-இல் இறங்குகிறது. அம்பின் கணக்கில் என்ன தெரியும்? வேகம் இருக்கிறது, மிதி இல்லை, சுற்று அதிகம். உடனே மூன்று போடு என்கிறது. அதன்படி மாற்றினால் இன்ஜின் பிடி விட்டுப்போகும். எல்லாச் சுமையும் பிரேக்கில் விழும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனையில் வரையாடு பார்க்க வண்டிகளை நிறுத்துவார்கள். மேலேயிருந்து இறங்கி வந்து நிற்கும் கார்களில் ஒன்றிரண்டிலாவது பிரேக் கருகிய நெடி அடிக்கும். அந்த நெடி வந்தால் வண்டியை ஓரங்கட்டி, அது தானாக ஆறும்வரை நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

என் அக்கா மகள் லைசென்ஸ் வாங்கிய புதிதில் அவளை வால்பாறையிலிருந்து ஓட்டி வரச் சொன்னேன்.

"மாமா, மூணு போடச் சொல்லுது."

"சொல்லட்டும் கண்ணு. நீ ரெண்டுலயே வா."

"இன்ஜின் கத்துதே மாமா, பெட்ரோல் போகாதா?"

நல்ல கேள்வி. போகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டால், சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அந்த நேரம் உடனடி மைலேஜ் காட்டும் கோடு கடைசிவரை போய் நிற்பதைப் பார்க்கலாம். மாறாக, மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களுக்குத்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் எரிகிறது. பிரேக்கும் போய், பெட்ரோலும் போய், என்ன லாபம்? பொள்ளாச்சி டாக்சி ஸ்டாண்டில் உள்ள மூத்த டிரைவர்கள் இதற்கு ஒரே விதிதான் வைத்திருக்கிறார்கள்: "எந்தக் கியர்ல ஏறுறீங்களோ, அதே கியர்லதான் எறங்கோணுங்க." சென்சாருக்குத் தெரியாத சரிவை இந்த விதி தெரிந்து வைத்திருக்கிறது.

அம்பைவிட அதன் பக்கத்து எண்ணால் எனக்குக் கிடைத்த உபயோகம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். என் காரில் கிளட்ச் பெடலில் காலை இலேசாக வைத்தாலே எண் மறைந்துவிடுகிறது. கிளட்ச் மேல் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது: ஓடும்போது எண் தெரியவில்லை என்றால் கால் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. எண் கணக்குப் போட்டுக் காட்டப்படுவது என்பதால், கிளட்ச் தேய்ந்து வழுக்கும்போது கணக்கு தப்பும். மேட்டில் மிதித்தால் சுற்று மட்டும் ஏறி, வேகம் ஏறாமல், எண்ணும் மறைந்து மறைந்து வந்தால் மெக்கானிக்கிடம் கிளட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும். ஊருக்குள்ளேயே, எப்போதும் குறைந்த சுற்றில் ஓட்டினால் அது அடைத்து விளக்கு எரியும். அப்போது அம்பை மறந்துவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்திலும் சுற்றிலும் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும்.

கார் வாங்கும்போது இந்த அம்பு இருக்கிறதா என்று பார்த்து மேல் வேரியன்ட்டுக்குப் போகத் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு இது உபயோகமில்லை. காரில் ஏற்கெனவே இருந்தால், புதிதாக ஓட்டிப் பழகுகிறவருக்குக் கொடுக்கும் முன் மறைத்துவிடுங்கள். சில கார்களில் மீட்டரின் செட்டிங்ஸ் மெனுவிலேயே அணைத்துவிடலாம். எப்படி என்று கையேட்டில் இருக்கும். ரோட்டையும் கண்ணாடியையும் பார்க்க வேண்டிய கண் இந்த அம்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கியர் மாற்றக் கை பழகிய பிறகு திரும்பப் போட்டுக்கொடுங்கள்.