வெயில் குறைந்தால் பதர் கூடும்

டெல்டாப் பக்கம் எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சம்பா போட்டோம். பயிர் பச்சைப்பசேல் என்று நின்றது. அறுத்துத் தூற்றினால் பாதி பதர்! கடன் தவணையை ஆட்டை விற்றுத்தான் கட்டினோம். உரம் போதவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தோம். குறைந்தது வெயில்.

இலை சோறு சமைக்கிற அடுப்பு மாதிரி. வெயில்தான் விறகு. நட்ட புதிதில் கொஞ்ச நாள் மூட்டம் போட்டாலும் பெரிய நட்டமில்லை, பயிர் பிறகு தேறிவிடும். தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை சுமார் 30 நாள், அப்போதுதான் ஒரு கதிரில் எத்தனை மணி என்பது முடிவாகிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் குறைந்தால் மணி எண்ணிக்கையே குறைந்துவிடும். பூத்தபிறகு இன்னொரு 30 நாள் பால் பிடித்து முற்றும் காலம். மணிக்குள் சேரும் மாவில் பெரும்பங்கு அப்போது இலை சமைப்பதுதான். வெயில் இல்லாவிட்டால் பதர் கூடும், முற்றிய மணியும் எடை குறையும். அரிசியின் நடுவில் மாவு போல வெள்ளைத் திட்டு விழும். அது மில்லில் உடைந்து நொய்யாகிவிடும், வியாபாரியும் விலையைக் குறைப்பார். புழுங்க வைத்தால் உடைவது ஓரளவு குறைகிறது.

நாங்கள் செய்த இன்னொரு தப்பு, மூட்டம் போட்ட நாளில் யூரியாவை அள்ளி வீசியது. "பயிர் வெளுத்திருக்கு, போடுங்கம்மா" என்றார் ஒருவர், கேட்டுவிட்டோம். வெயில் இல்லாதபோது தழைச்சத்து அதிகமானால் இலை தழைத்து ஒன்றையொன்று மறைக்கும், பயிர் சாயும், பூச்சியும் நோயும் ஏறும். இப்போது இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவைக்கு மட்டும் பிரித்துப் போடுகிறோம். நெருக்கி நடுவதையும் விட்டுவிட்டோம். எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடுகிறோம்.

மழையை நிறுத்த நம்மால் முடியாது. நாளையாவது கணக்குப் போடலாம். 135 நாள் ரகத்தை ஆவணி நடுவில் விதைத்தால் ஐப்பசிக் கடைசியில் கதிர் உருவாகும். அது மழையில் மாட்டத்தான் செய்யும். ஆனால் பூப்பது மார்கழிப் பிறப்பையொட்டி வரும். மணி முற்றும்போது பெரும்பாலும் வெயில் கிடைக்கும். ஆடியிலேயே அவசரப்பட்டு விதைத்தால் பூவும் கார்த்திகை மழையில் சிக்கும். கேரளாவில் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் தந்த சுவர்ணபிரபா ரகம் குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும் என்று பேர் பெற்றது. நம் மண்ணுக்கு எது சரி என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள்.

வரப்போரப் புளியமர நிழலிலும் இதே கதைதான். அறுப்புக்கு முன் நிழலில் மூன்று கதிர், வெயிலில் மூன்று கதிர் பறித்து, பதரை எண்ணி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மரத்தில் எந்தக் கிளையைக் கழிப்பது என்று அங்கே பேசுவோம்.