காற்றில்லாத இடத்தில் குளிர்ச்சி

கேள்வி: லேப்டாப் சூட்டைத் தணிக்க மின்விசிறி இருக்கிறது. காற்றே இல்லாத விண்வெளியில் செயற்கைக்கோளின் கருவிகள் சூடேறினால்?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில்தான். 2017 ஜூன் 5 அன்று அங்கிருந்து கிளம்பிய 3,136 கிலோ ஜிசாட்-19 செயற்கைக்கோளில் சிறிதாக்கப்பட்ட ஹீட் பைப்பை இஸ்ரோ வைத்து அனுப்பியது.

ஹீட் பைப் என்பது இருமுனையும் அடைத்த குழாய். உள்ளே கொஞ்சம் திரவம். லேப்டாப்பில் செம்பும் நீரும், செயற்கைக்கோளில் பெரும்பாலும் அலுமினியமும் அம்மோனியாவும். சூடான முனையில் திரவம் வெப்பத்தை வாங்கி ஆவியாகும். குளிர்ந்த முனைக்குப் போய் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உள்சுவரின் நுண்ணிய பள்ளங்கள் அதைத் திரும்ப இழுத்துவரும். மோட்டார் இல்லை, மின்சாரம் வேண்டாம். பழுதுபார்க்க யாரும் போகமுடியாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது? பொறியியலின் மிக அழகான எளிமைகளில் ஒன்று என்றே இதைச் சொல்வேன்.

கணினியில் குளிர்முனையோடு தகடு தகடாக ஹீட் சிங்க் இருக்கும். வெப்பத்தைக் காற்று அள்ளிப்போகும். விண்வெளியில் அந்த வழி கிடையாது. அங்கே அகன்ற பலகைகள் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இருண்ட வெளிக்கு அனுப்பும். வெயிலைத் திருப்பியனுப்ப அவற்றின்மேல் மெல்லிய கண்ணாடி ஓடுகளைப் பதிப்பார்கள்.